ஆறு இசைத்தட்டுகளும் ஒரு தோற்கருவியும்

தரவரிசை இடுவதில் மனித மனத்திற்குத் தனியொரு நாட்டம் இருக்கிறது. 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியைத் தொடங்கி, இந்தித் திரைப்பாடல்களுக்கு வாரந்தோறும் இடம் குறித்தார். பின்னாளில் சன் தொலைக்காட்சி திரைப்படங்களைப் பத்திலிருந்து ஒன்றுவரை வரிசைப்படுத்தியபோது, நம்மில் பலர் உணவுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த முதலிடத்திற்காகக் காத்திருந்தோம். முதலிடம் எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் காத்திருந்தோம் என்பதுதான் வேடிக்கை.

இத்தகைய வரிசைகள் எதைச் சொல்கின்றன என்பதைச் சற்றே ஆய்ந்து பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2003இல் ஐந்நூறு இசைத்தொகுப்புகளை வரிசைப்படுத்தியது. பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட 'சார்ஜண்ட் பெப்பர்' முதலிடம் பெற்றது. அதே இதழ் 2020இல் புதிதாக வாக்கெடுப்பு நடத்தி வரிசையைத் திருத்தியது. இப்போது முதலிடத்தில் அமர்ந்தது கறுப்பினப் பாடகர் மார்வின் கே 1971இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்'. 'சார்ஜண்ட் பெப்பர்' 24ஆம் இடத்திற்கு இறங்கியது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் அந்த இசைத்தட்டில் ஒரு சுரமும் மாறவில்லை. மாறியவர்கள் வாக்களித்தவர்கள். யாரைக் கேட்டு வரிசை இடுகிறோமோ அவர்களுடைய செவியே வரிசையாகிறது.

அந்தத் துணிவில்தான் நாமும் நம் விருப்பத்திற்குரிய ராக் இசைத்தட்டுகள் ஆறனை இங்கே ஆறாவதிலிருந்து முதலாவதுவரை எண்ணிக் காட்ட முற்படுகிறோம். புதுக்கோட்டைச் சீமையில் வாழ்ந்துகொண்டு, ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழுவின் அருகே அமர்ந்து பழகிய ஒரு செவியின் வரிசை இது. இலண்டனில் இருப்போருக்கு இது ஒவ்வாது போகலாம்.

ஒரு மறைமாவட்ட இலக்கிய இதழில் ராக் இசைக்கு என்ன வேலை என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். நம் ஆலயங்களில் ஒலிக்கும் கிதாரும், திருவிழா நாள்களில் பாடகர் குழுவின் பின்னால் முழங்கும் டிரம்சும் எந்த வழியாக இங்கு வந்து சேர்ந்தன என்று எண்ணிப்பார்த்தால் அவ்வினாவிற்கு விடை கிடைத்துவிடும். அவை கிரகோரியன் இசையின் வழியாக வரவில்லை.

நம் அளவுகோல் ஒன்றே: தாளக்கருவி. ராக் இசையைப் பற்றிப் பேசுவோர் கிதாரைப் பற்றியே பேசுகின்றனர். ஆனால் அவ்விசையின் உயிர்நிலை தோலில் இருக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். முரசறைந்து ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு நடந்தனர். மறு ஆண்டே, 1740இல், அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடை செய்யும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது. தோல் பறிக்கப்பட்ட மக்கள் கைதட்டலிலும் கால்மிதியிலும் தாளத்தைக் காத்துக்கொண்டனர். தங்கள் செபக்கூடங்களில் தரையையே முரசாக்கினர். அந்தத் தாளம்தான் நூற்றாண்டுகள் கடந்து புளூஸ் ஆகி, ராக் ஆகி, உலகை வலம் வந்தது. தடை செய்யப்பட்ட ஒரு முரசின் எதிரொலியைத்தான் நாம் ராக் என்று அழைக்கிறோம். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் தோல் எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்காக ஒலிக்கிறது என்று பார்ப்பதே முறையான திறனாய்வு என்பது நம் கருத்து.

ஆறாவது இடத்தை அந்தச் 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டிற்கே தருகிறோம். அதன் புகழை நாம் மறுக்கவில்லை. எனினும் இந்தியச் செவிக்கு அதில் ஒரு குறை உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் நம் நாட்டுக் கருவிகளைக் கொண்டு அமைத்த பாடல் ஒன்று அதில் இடம்பெறுகிறது. தில்ரூபாவும் தபேலாவும் ஒலிக்கின்றன. ஆனால் குழுவின் ஏனைய மூவரும் அப்பாடலில் இல்லை. இலண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தனர். தட்டுறையில் அவர்கள் பெயர்கூட இடம்பெறவில்லை. தபேலா அவ்வீட்டிற்கு விருந்தாளியாக வந்து, தனி அறையில் உண்டு, விடைபெற்றுச் சென்றுவிட்டது. அட்டைப் படத்திற்காகத் திரட்டப்பட்ட பெரியோர் உருவங்களில் காந்தியடிகளின் உருவமும் முதலில் இருந்ததாம். இந்தியாவில் மனம் புண்படுமோ என்று அஞ்சி இசைத்தட்டு நிறுவனம் அதை நீக்கச் செய்தது. நல்லெண்ணம்தான், ஆயினும் அந்த நல்லெண்ணத்திற்குள் ஒரு தொலைவு இருக்கிறது.

ஐந்தாவது, பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973). அமெரிக்க விற்பனை வரிசையில் 1973 முதல் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இடம்பிடித்த தட்டு இது. இதில் முதலில் கேட்பது கிதாரும் அன்று, குரலும் அன்று, ஓர் இதயத்துடிப்பு. மென்மையாகப் பொதியப்பட்ட பெருமுரசில் நிக் மேசன் அதை உண்டாக்கினார். காலம், பணம், பித்து, மரணம் என்று மனித வாழ்வின் நெருக்கடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சென்று, முடிவில் அதே துடிப்பில் வந்து ஓய்கிறது தட்டு. சாம்பல் புதனன்று நெற்றியில் திருநீற்றைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் மனநிலைக்கும் இதற்கும் அதிகத் தொலைவு இல்லை. புதுக்கோட்டைக் கீழராஜவீதியில் ஒலிநாடா பதிந்து தந்த காலத்தில், இத்தகைய தட்டுகளைக் கேட்டால், 'அதெல்லாம் திருச்சிக்குத்தான் போகணும் சார்' என்ற விடையே கிடைக்கும். அரும்பாடுபட்டுப் பெற்ற நாடாவைத் தானாகப் பக்கம் மாறும் கருவியில் ஓடவிட்டால், இறுதித் துடிப்பும் முதல் துடிப்பும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். எங்கு முடிந்தது, எங்கு தொடங்கியது என்று தெரியாது. இசையமைத்தோர் கருதியதும் அதுவாகவே இருக்க வேண்டும். எனினும் இத்தட்டின் முரசு ஒரு தனிமனிதனின் மார்புக்குள் ஒலிக்கும் முரசு. தெருவுக்கு வராத முரசு. அதனால் ஐந்தாம் இடத்திற்கு மேல் ஏற்ற நமக்கு மனம் வரவில்லை.

நான்காவதாக நாம் எண்ணும் 'வார்' (1983) தெருவுக்கு வந்தது. அயர்லாந்தின் யூ-டூ குழுவினர், லாரி மல்லனின் டிரம்ஸை டப்ளின் ஒலிப்பதிவுக் கூடத்தின் படிக்கட்டருகே வைத்துப் பதிவு செய்தனர். படிக்கட்டின் வெற்றிடத்தில் அடி ஒவ்வொன்றும் எதிரொலித்து, கற்சுவரில் மோதித் திரும்புவதுபோல் செவியில் விழுகிறது. 1972 ஜனவரி 30ஆம் நாள் ஞாயிறன்று டெரி நகரில் உரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மக்கள்மீது ஆங்கிலேயப் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். கத்தோலிக்கர் பகுதியில் நிகழ்ந்த அந்தப் படுகொலையை நினைவில் கொண்டு எழுந்த பாடல் தட்டின் தொடக்கத்தில் வருகிறது. அதில் டிரம்ஸ் வாசிப்பது படைநடைத் தாளம். சுட்ட கையின் தாளத்தையே எடுத்து, சுடாதே என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். பழிவாங்கலைத் தூண்டாத சினம் அது. எளிதில் கைகூடாத ஒன்று. அதே தட்டின் இறுதிப் பாடல் 40ஆம் திருப்பாடலைத் தழுவியது. குழுவினர் தம் நிகழ்ச்சிகளின் முடிவில் இதைப் பாடி, ஒவ்வொருவராக மேடையைவிட்டு இறங்கிவிடுவர். கூடியிருந்த மக்கள் கருவியின்றியே தொடர்ந்து பாடிக்கொண்டிருப்பர். நம் பாடகர் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இதில் இருக்கிறது. நம்மிடையே பாடகர் குழு நிறுத்தினால் ஆலயமே நின்றுவிடுகிறது.

இனி இந்திய மண்ணுக்கு வருவோம். மூன்றாம் இடம் 'கண்டீசா' (2000). டில்லியில் உருவான இந்தியன் ஓஷன் குழுவினர் இதை வெளியிட்டனர். தட்டின் பெயராக அமைந்த பாடல், கேரளத்தில் தோமையார் வழிக் கிறிஸ்தவர் சிரியாக் மொழியில் பாடிவந்த, இறைவனைத் தூயவர் என்று மும்முறை போற்றும் புகழுரை. நம் ஆண்டவர் பேசிய அரமேயத்தின் கிளைமொழி சிரியாக். பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையை வணங்கும் வேளையில் நம் வழிபாட்டிலும் அப்புகழுரைக்கு இடம் உண்டு. அதை ஓர் இந்திய ராக் குழு பாடியதும், கிறிஸ்தவம் அறியாத கல்லூரி மாணவர்கள் அரங்கு நிறைய எழுந்து நின்று உடன் பாடியதும் எவ்வாறு நிகழ்ந்தன என்று நாம் வியப்பதுண்டு. விளக்கம் தாளத்தில்தான் இருக்கிறது. அசீம் சக்ரவர்த்தி தரையில் அமர்ந்து தபேலாவை வாசித்துக்கொண்டே பாடுவார். அருகே அமித் கிலம் டிரம்ஸ் வாசிப்பார். பீட்டில்ஸ் தட்டில் விருந்தாளியாக இருந்த தபேலா இங்கே வீட்டுக்காரராக அமர்ந்திருக்கிறது. அதே தட்டில் நருமதை ஆற்றைத் தாயென்று அழைக்கும் பாடலும் உண்டு. குழுவின் ராகுல் ராம் நருமதைப் போராட்டத்தில் பங்கேற்றவர். மன்றாட்டும் மண்ணின் வழக்கும் ஒரே தட்டில் அடுத்தடுத்து ஒலிப்பது நம் வழிபாட்டு இசை வெளியீடுகளில் காணக்கிடைக்காத ஒன்று. 2009 டிசம்பரில் அசீம் சக்ரவர்த்தி மறைந்தார். அதன்பின் அக்குழு பல நல்ல பாடல்களைத் தந்தபோதிலும், தரையில் அமர்ந்த அந்தக் குரலின் இடம் நிரம்பவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் இடத்தில் சற்று நெடிது தங்க வேண்டும். இங்குதான் நம் மாவட்டம் உள்ளே வருகிறது.

ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின், 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை நடத்தியவர். காதைச் செவிடாக்கும் மின்கிதார் இசை அது. அதன் உச்சியில் நின்றவர் அதை விட்டிறங்கி, மின்னிணைப்பில்லாத கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டு அமர்ந்தார். எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபேலா, இராமநாதபுரம் இராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம். 1975 ஜூலை 5ஆம் நாள் நிகழ்ச்சியொன்றில் பதிவாகி 1976இல் வெளிவந்த 'சக்தி' என்னும் தட்டு அவ்வாறு பிறந்தது. அதில் டிரம்ஸ் கிடையாது. ராக் உலகிலிருந்து வந்தவர் தம் டிரம்ஸைத் துறந்துவிட்டு நம் தோலையும் மண்ணையும் நம்பி வந்தார். கிதாரின் விரற்பலகையையும் வீணையில் கமகம் பிடிப்பதுபோல் நரம்பை அழுத்தி இழுக்க இயலுமாறு குழிவாகச் செதுக்கிக்கொண்டார். ஹாரிசன் நம் இசையை அழைத்துச் சென்றார்; மெக்லாலின் நம் இசைக்குள் வந்து குடியிருக்க முயன்றார். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அத்தட்டின் எந்தப் பகுதியைக் கேட்டாலும் உணரலாம். கரவொலி ஓய்வதற்குள் அடுத்த தாளக்கணக்கு தொடங்கிவிடும் அந்த விரைவு சில வேளை நம்மை மூச்சுமுட்டச் செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல்லாண்டுகளுக்குப் பிறகு 'சக்தி' மீண்டும் கூடியபோது, விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கையில் கஞ்சிராவுடன் வந்து அமர்ந்தார். அக்குழு 2023இல் வெளியிட்ட 'திஸ் மொமெண்ட்' 2024இல் கிராமி விருது பெற்றது. ஆங்கில நாளேடுகள் அந்தச் செய்தியைக் கொண்டாடின. கஞ்சிரா எந்த ஊர்க் கருவி என்பதை யாரும் எழுதியதாக நம் கண்ணில் படவில்லை. அது நம் ஊர்க் கருவி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைதான் அதற்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்தார். அவர்தம் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அக்கருவியில் தனக்கு நிகரில்லை என்று பெயர் பெற்றார். புதுக்கோட்டைத் தாள மரபு என்று இசையுலகம் தனியே சுட்டும் மரபு இவர்களால் அமைந்தது. பலாமரத்தில் கடைந்த ஒரு சிறு வளையம், ஒரு பக்கம் உடும்புத் தோல், விளிம்பில் ஒரு துளையில் கலகலக்கும் நாணயம். கருவி அவ்வளவே. (உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினமானபின் ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன.) வாசிக்குமுன் கலைஞர் விரலை நீரில் தொட்டு, தோலின் உட்புறத்தில் தடவுவார். நீர் பட்ட தோல் தளர்ந்து, ஆழ்ந்த ஒலியைத் தரும்.

நம் மாவட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிச் செல்கிறோம். ராக் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பாறை என்றும் பொருள். அப்படிப் பார்த்தால் உலகின் மிகப் பழைய 'ராக்' தொகுப்பு நம் குடுமியான்மலையில்தான் இருக்கிறது. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச்சரிவில் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டில், ஏழு கிராம இராகங்களுக்குரிய சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாக அமைந்துள்ளன. ஏழு பாடல் கொண்ட இசைத்தட்டு என்றே வைத்துக்கொள்ளலாம்! நகைப்புக்காகச் சொன்னாலும் அதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பாறையில் ஏறியவை நரம்புக் கருவிக்கான சுரங்கள். மத்தளத்தின் சொற்கட்டு ஒன்றுகூட அங்கு இல்லை. அரசர் கல்லில் எழுதத் தகுதியுடையதென்று கண்டது நரம்பை. தோல் தன் பாடத்தை வாயிலும் கையிலும் சுமந்துகொண்டு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் நடந்து வந்திருக்கிறது.

அவ்வாறு நடந்து வந்த தோற்கருவிகளில் எல்லாமே மேடை ஏறிவிடவில்லை. கஞ்சிராவைப் போலவே மரவளையத்தில் ஒரு பக்கம் தோல் போர்த்திய இன்னொரு கருவியும் நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. இடத்தோளில் மாட்டி, குட்டையாய்த் தடித்த குச்சியொன்றாலும் நீண்டு மெலிந்த குச்சியொன்றாலும் அடிப்பர். வாசிக்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி அதன் அனலில் தோலைக் காய்ச்சுவர். காய்ந்த தோல் விறைத்து, கணீரென்று எழும். ஒன்று நீரில் நனைவது, மற்றொன்று நெருப்பில் காய்வது. வடிவத்தில் இரண்டும் உடன்பிறப்புகள். ஒன்று கிராமி மேடைவரை சென்றது. மற்றொன்று சாவு வீட்டு வாசலில் நிற்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணும் பறைதான் அது. கஞ்சிராவின் பெருமையைப் பேசும் புதுக்கோட்டைக்காரர் எவரும் பறையின் பெருமையைச் சேர்த்துப் பேசி நாம் கேட்டதில்லை.

நம் ஆலயங்களின் நிலை என்ன? 1903இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திரு இசை பற்றி வெளியிட்ட ஆணையில், முரசு, கைத்தாளம் போன்ற இரைச்சலுடைய கருவிகளும் பியானோவும்கூட ஆலயத்தில் விலக்கப்பட்டன. கருவிகள் பலவற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் 150ஆம் திருப்பாடலில் முரசும் தாளமும் இருப்பதை அறிந்தவர்கள் அந்த நாள்களில் என்ன எண்ணினார்களோ! 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைபரப்பு நாடுகளில் மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்று பணித்தது. ஏனைய கருவிகளையும் ஏற்க வழி வகுத்தது. கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே நம் ஊர்களில் முதலில் நுழைந்தது எது? கிதார். பின்னர் டிரம்ஸ். பின்னர் மின்விசைப்பலகை; அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும். எந்த மனிதரும் அடிக்காத முரசொன்று பீடத்தின் அருகே ஒலிக்க, அடிக்கத் தெரிந்த மனிதர் வெளியே கொடிமரத்தடியில் நிற்கும் காட்சியைத் திருவிழாக்களில் எத்தனை முறை கண்டிருக்கிறோம்!

'சொந்த இசை மரபு' என்று சங்கம் சொன்னதை நாம் கருநாடக இசை என்று பொருள் கொண்டோம்; சற்றுத் தாராளமாக மெல்லிசை என்றும் பொருள் கொண்டோம். பறையை அதில் சேர்க்க மறுத்தது இசையறிவன்று, சாதி. கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச்சுவர் எழுந்த ஊர்கள் தமிழ்த் திருச்சபை வரலாற்றில் உண்டு. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டது. மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டுப் பாடல்களைப் படைத்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தின் வழியாகத் தலித் இளம்பெண்களின் தோளில் பறையை ஏற்றினார். விதிவிலக்குகள் உண்டு என்பதற்காகவே இவற்றைக் குறிக்கிறோம். விதி என்னவென்பது வாசகர் அறிந்ததே.

இந்தப் பின்னணியில்தான் நம் வரிசையின் முதலிடத்தை 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் 2018இல் வெளியிட்ட பாடல்களுக்குத் தருகிறோம். இதைத் தட்டு என்று சொல்வது மரபு கருதித்தான். கடையில் வாங்கி உறை பிரித்த பொருளன்று, கைப்பேசியில் கேட்டவை. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கையாண்ட 'சாதியற்றவர்' என்ற கருத்திலிருந்து குழுவின் பெயர் பிறந்தது. வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடப்படும் கானாவும், பறையும், சட்டியும், மின்கிதாரும், டிரம்சும் ஒரே மேடையில் நின்றன. கானா பாடும் பெண்கள் அரிதாக இருந்த நிலையில் இசைவாணி அங்கே பாடினார். அறிவு தம் சொற்களை அடுக்கடுக்காக வீசினார். இட ஒதுக்கீடு, உணவுரிமை, குடியிருப்பு ஆகியவையே பாடுபொருள்கள்.

இப்பாடல்களில் சில நமக்கு உடன்பாடானவை அல்ல. சில இடங்களில் சொல் முழக்கமாகிவிடுகிறது. முழக்கமான இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. யூ-டூ குழுவினரின் சினத்தில் நாம் கண்ட அந்தக் கட்டுப்பாடு இங்கு எப்போதும் இல்லை. 'இது ராக் இசையா, அரசியல் கூட்டமா?' என்று கேட்ட நண்பர்களும் உண்டு. டெரி நகரப் படுகொலையைப் பாடியபோது அதை அரசியல் என்று ஒதுக்காதவர்கள், வடசென்னையைப் பாடும்போது மட்டும் ஒதுக்குவது ஏன் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி நாடெங்கும் பரவியது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் அப்பாடல்களை மீண்டும் கேட்டோம். முழக்கம் என்று நாம் குறை சொன்ன இடங்கள் அப்போது வேறாகக் கேட்டன. பாட்டு மாறவில்லை. முன்னர்ச் சொன்ன அந்த அமெரிக்க இதழின் கதைதான்.

ஆயினும் முதலிடத்திற்குக் காரணம் அரசியல் மட்டுமன்று. 'சக்தி' தட்டில் கிதார் நம் கருவிகளின் இலக்கணத்திற்குப் பணிந்தது. இங்கே பறையும் கிதாரும் எதுவும் எதற்கும் பணியாமல் நிற்கின்றன. டிரம்ஸ் ஒரே சீராக நாலடி எடுத்துவைக்க, பறை அதன் இடைவெளிகளில் மூன்றின் கணக்கில் வந்து விழும்போது, இரண்டும் மோதி, பிரிந்து, மீண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டுத் தேர்ந்த செவிகள் இதை ஒரு கணத்தில் இனங்கண்டுகொள்ளும். கானா பாடுவோரின் கையிலும் கணக்கு இருக்கிறது. அதற்குப் பெயரிட்டு ஏட்டில் எழுதியவர் இல்லை, அவ்வளவே.

ஒலிப்பதிவைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சில பாடல்களில் பேஸ் கிதாரின் கீழ் பறை அமிழ்ந்துவிடுகிறது. மெல்லிய குச்சியின் ஒலி தெளிவாக வருகிறது. தடித்த குச்சியின் அடி, பெருமுரசின் ஒலியோடு கலந்து மறைகிறது. அனலில் காய்ச்சிய தோல் சிறிது நேரத்தில் தளரத் தொடங்கும். மேடையில் பாடலுக்குப் பாடல் அதன் சுருதி இறங்கிக்கொண்டே வருவதும், கலைஞர் பக்கத்தில் சென்று மீண்டும் காய்ச்சி வருவதும் அக்கருவியின் இயல்பு. கூடத்துப் பதிவில் இந்த ஏற்ற இறக்கம் சமன் செய்யப்பட்டுவிட்டது. நேரில் கேட்டவர்களுக்கு அது ஓர் இழப்பு. மான்பூண்டியா பிள்ளையின் கருவியும் ஊர்க்கோடியின் கருவியும் அருகருகே அமர்ந்து, ஒன்று நீரைத் தொட, மற்றொன்று அனலில் காய, இரண்டின் சுருதியும் நகர்வதை அப்படியே பதிந்த தட்டு ஒன்றும் நம் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வருமாயின் இந்த வரிசையை முழுவதும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.